மஞ்சள் கடைசியில் வரும்

வடக்கனந்தல்
ஜனவரி 8

சேசு மரி சூசை துணை

பாசமுள்ள நிர்மலா அக்காவுக்கு, உன் ஒரே தங்கையும் இந்தத் தெருவின் ஒரே தலைவலியுமான டயானா எழுதிக்கொள்வது. நான் நலம். அப்பா நலம். அம்மாவின் முட்டிவலியும் நலமாக வளர்ந்து வருகிறது. உன் நலத்துக்கும் டென்னிஸ் மாமாவின் நலத்துக்கும் மாதா கோயிலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். ஒன்று அணைந்துவிட்டது, யாருடையது என்று தெரியவில்லை.

தபால் நிலையத்தில் இன்லேண்ட் லெட்டர் கேட்டபோது அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாருக்கும்மா, ராஜா காலத்து ஆளுக்கா?" என்றார். எல்லாம் உன்னால் வந்தது. போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்று மாமா சொன்னார். அவர் நம்பருக்கு அடித்தால், எப்போது அடித்தாலும் நீ ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருக்கிறாயாம். கல்யாணமாகி எட்டு மாதத்தில் நீ மீனாகிவிட்டாயா? கொல்லைப்பக்கம் நின்றால் உன் மலை பக்கத்தில்தான் தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கும் போலிருக்கிறது. ஆனால் லெட்டர் போய்ச் சேர மூன்று நான்கு நாளாம்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வந்தபோது அப்படியே பொங்கல் வரை தங்கியிருக்கலாம். நீயும் இருக்கிறேன் என்றுதான் அழுதாய். அப்பாதான் "போவப் போவ சரியாப் பூடும், அனுசரிச்சிக்கினு இரு" என்று வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பொங்கலுக்காவது வா.

முக்கியச் செய்தி. இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை நம் ஊரில் பாஸ்கா நாடகம். ஆண்டவர் வேஷம் செல்போன் கடை சந்தோஷ் அண்ணனுக்கு. பேரில்தான் சந்தோஷம், முகத்தைப் பார்த்தால் இப்போதே சிலுவை சுமக்கிறார். ஒட்டுத்தாடி அரிக்கிறதென்று சொந்த முடி வளர்க்கிறார். அப்பாவுக்கு வழக்கம்போல் பிலாத்து, ஆண்டவரைச் சாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு 'எனக்குச் சம்பந்தமில்லை' என்று கை கழுவுகிற ஆளுநர். உன் பழைய வேலை, அதுதான் ஆண்டவர் உடம்பில் காயம் வரைவது, எனக்கு! போன தடவை நீ போட்ட காயத்தைப் பார்த்து, ஆண்டவர் வெற்றிலை போட்டுத் துப்பிக்கொண்டார் என்று சிரித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நான் அதைவிட நன்றாகப் போட்டு ஊரையே அழவைக்கப் போகிறேன். எதில் என்ன கலக்க வேண்டும்? உடனே எழுது.

டென்னிஸ் மாமாவுக்கு என் வணக்கத்தை ஒரு சர்வீஸ் போட்டு அடி. திருப்பி அடிக்க வேண்டாம் என்று சொல்.

முத்தங்களுடன்,
டயானா


கல்வராயன்மலை
ஜனவரி 20

அன்புத் தங்கை டயானாவுக்கு அக்கா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். அப்பா, அம்மா, நீ மூவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு வர முடியவில்லை. மரவள்ளிக் கிழங்கு சீசன். மாமா தினமும் வண்டியில் ஜவ்வரிசி ஆலைக்கு லோடு ஏற்றிப்போகிறார். உன் லெட்டரை மாமாவும் படித்தார். வணக்கம் சொல்லச் சொன்னார். என்னை நன்றாக வைத்திருக்கிறார். அப்பாவிடம் சொல்.

காயத்துக்குக் குங்குமமும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போடு. கொஞ்சம் கண்மை சேர்த்தால் ரத்தம் உறைந்த மாதிரி வரும். அதிகம் போடாதே.

இங்கே குளிர் ஜாஸ்தி. அம்மாவிடம் சொல்லி முழுக்கை ஜாக்கெட் இரண்டு தைத்து அனுப்பச் சொல். பழைய அளவு போதும், கை மட்டும் கொஞ்சம் லூசாக இருக்கட்டும்.

பரீட்சைக்குப் படி. குறும்பு வேண்டாம்.

உன் அக்கா,
நிர்மலா


வடக்கனந்தல்
பிப்ரவரி 2

மரியே வாழ்க

அன்பும் குளிரும் நிறைந்த அக்காவுக்கு, அன்பும் வியர்வையும் நிறைந்த தங்கை எழுதுவது. அனைவரும் சுகம். உன் லெட்டரும் சுகம்தான், ஆனால் ரொம்ப இளைத்துப் போயிருக்கிறது. நீ எழுதினாயா, கோயில் உபதேசியார் எழுதிக் கொடுத்தாரா? நடுவில் ஒரு சிரிப்புகூட இல்லை. முன்பெல்லாம் "நாயே" என்று ஆரம்பிப்பாயே!

ஜாக்கெட் இரண்டும் பார்சலில் வருகிறது. அம்மா பேர் அமலோற்பவம் என்றாலும் நமக்கு எப்போதும் அமளியோற்பவம்தான். அன்று மட்டும் சத்தமே இல்லை. தையல் மிஷின் ஓடியது, அம்மா வாய் ஓடவில்லை. "மலைன்னா குளிரும்தானேம்மா?" என்றேன். "உனுக்கு இன்னா தெரியும், போய்ப் படி" என்றார். பிறகு அவராகவே, "அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே குளிர் தெரியாது" என்றார்.

சந்தோஷ் அண்ணன், போனில் டிஸ்ப்ளேதான் போயிருக்கும், அனுப்பினால் ஓசியில் மாற்றித் தருகிறேன் என்கிறார். அனுப்பு.

ஒத்திகை ஆரம்பித்துவிட்டது. அப்பா பிலாத்தாகக் கை கழுவும்போது, பாத்திரத்தில் நான் மிளகாய்த்தூளைக் கலந்து வைத்தேன். யூதேயாவின் ஆளுநர் "அய்யோ எம் மவளே" என்று கத்திக்கொண்டே குழாயடிக்கு ஓடினார். அடி பலமில்லை. ஆமாம், கையில் கிடைத்தது விளக்குமாறுதான்.

குங்குமம் வேண்டாம் அக்கா. குழைத்துப் பார்த்தேன், ஆண்டவர் மறுபடி வெற்றிலை போடுகிறார். எனக்கு நிஜக் காயம் வேண்டும். கன்றிப்போன மாதிரி, வீங்கின மாதிரி. வீடியோவில் பார்க்கலாம் என்றால் அப்பா பரீட்சை முடியும்வரை என் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார். (நான் பாஸ் ஆகாமல் பாஸ்காவிலேயே கிடக்கிறேனாம்.) நீதான் யோசித்துச் சொல்ல வேண்டும்.

கோடி முத்தம்,
டயானா என்கிற நாய்


கல்வராயன்மலை
பிப்ரவரி 25

நாயே,

சுகமா? நான் சுகம். ஜாக்கெட் வந்தது, சரியாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். போன் இனி சரியாகாது, சந்தோஷிடம் வேண்டாம் என்று சொல்.

மாமா ஆலையில் லோடு இறக்கக் காத்திருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். இதைத் தபால் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே போஸ்ட்மாஸ்டர் ராதிகா என்று ஒரு பெண். மணலூர்பேட்டைக்காரி. என்னைவிட ஒரு வயது சின்னவள். பேனாவும் டீயும் கொடுத்தாள். இனிமேல் உன் லெட்டரையெல்லாம் என் கையில்தான் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

காயம் கேட்டாயே. கவனமாகக் கேள். எல்லாவற்றையும் சிவப்பில் போடுவதுதான் தப்பு. நானும் அந்தத் தப்பைத்தான் செய்தேன். அடிபட்டவுடன் சிவப்பு, அது கொஞ்ச நேரம்தான். மறுநாள் நாவல்பழக் கலர். நடுவில் கருத்து, சுற்றிலும் ஊதா. அதற்குக் கண்மையும், கண் இமைக்குப் பூசுகிற ஊதாவும் கலந்து விரலால் ஒற்று, தேய்க்காதே. சில நாள் போனால் ஓரத்திலிருந்து பச்சை ஏறும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பச்சை போய் மஞ்சள், பூவரசு இலை பழுத்த மாதிரி. மஞ்சள்தான் கடைசியில் வரும்.

கையைப் பிடித்து முறுக்கிய இடமென்றால் வட்டமாகப் போடாதே. நீள நீளமாக நான்கு, கட்டைவிரல் மட்டும் எதிர்ப்பக்கம் தனியாக. கண்ணில் பட்டது கண்ணிலேயே நிற்காது, இரண்டு நாளில் கன்னத்துக்கு இறங்கும். உதடு வெடித்தால் ரத்தத்தைவிட வீக்கம்தான் தெரியும், அதனால் மேல் உதட்டை மட்டும் தடிப்பாக வரை.

இதைப் போட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நேரமாகிறது. படி.

நிர்மலா


வடக்கனந்தல்
மார்ச் 9

மரியே வாழ்க

அன்புள்ள அக்கா, உன்னை நினைத்தபடி டயானா. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். எழுதிவிட்டேன்.

நேற்று ஒத்திகையில் நீ சொன்னபடியே சந்தோஷ் அண்ணன் கையிலும் முதுகிலும் போட்டேன். நாவல்பழம், பச்சை, மஞ்சள், நான்கு விரல், எதிர்ப்பக்கம் கட்டைவிரல். சாட்டையடிக்கிற சேவகனாக வரும் தனசேகரன் அண்ணன் சாட்டையைக் கீழே போட்டுவிட்டார். "யப்பா, நான் அடிக்கலைப்பா" என்றார். பாடல் பழக வந்திருந்த அக்காமாரெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பொம்மைக் காயத்துக்கே இப்படி அழுகிறார்களே, இவர்கள் நிஜத்தில் பார்த்தால் என்ன ஆவார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

அப்போது நம் உபதேசியார் அன்புச்செல்வன் (நான் வைத்த பெயர் உபத்திரவியார்) கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு இப்படிக் கேட்டார்:

"ஏம்மா டயானா, இன்னா இது மஞ்சா?"

"பழைய காயம் அய்யா. ஒரு வாரம் ஆனா மஞ்சா ஆவும்."

"ஆண்டவரை வியாழக்கிழமை ராத்திரி புடிச்சாங்க. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு உயிர் பூட்ச்சி. நடுவுல ஒரே ராத்திரி. அதுல மஞ்சா எங்கேர்ந்து வந்துச்சி? ஆண்டவரை இன்னா வாரக்கணக்குல வூட்டுல வெச்சா அடிச்சாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உனக்குத்தான் தெரியுமே, நான் முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் யோசிப்பேன்.

பாதிச் சிரிப்பில் எனக்கு நின்றுவிட்டது.

நீ நான்கு வருஷம் இதே வேலையைச் செய்தாய். நான்கு வருஷமும் சிவப்புதான் போட்டாய். உனக்குப் பச்சையும் தெரியாது, மஞ்சளும் தெரியாது.

அக்கா, அந்த சர்வீஸ் அடிக்கிற ஜோக்கை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நீ பதில் எழுது. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி.

டயானா


கல்வராயன்மலை
மார்ச் 21

டயானாவுக்கு, சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

எழுத்து கோணலாக இருக்கும். வலது கை விரலில் சின்ன அடி, ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். இடது கையால் எழுதுகிறேன்.

காயத்தைப் பற்றி இனி எழுதாதே. அம்மாவிடமும் அப்பாவிடமும் எதுவும் சொல்லாதே. அப்பாவிடம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியாயிற்று.

நன்றாகப் படி.

நிர்மலா


வடக்கனந்தல்
மார்ச் 28

மதிப்பிற்குரிய போஸ்ட்மாஸ்டர் ராதிகா அக்காவுக்கு, முன்பின் தெரியாத டயானா எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நிர்மலாவின் தங்கை. எங்கள் லெட்டரையெல்லாம் நீங்கள்தான் முத்திரை குத்தி அனுப்புகிறீர்கள், அதனால் என் கையெழுத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நேற்றுதான் பரீட்சை முடிந்தது. போனும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் உங்கள் நம்பர் தெரியாது. மாமா நம்பர்தான் தெரியும். அதனால் லெட்டர்.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. என் அக்கா ஓடையில் எத்தனை தடவைதான் வழுக்கி விழுவாள்? அவள் இந்தக் குன்றுகளில் சுள்ளி பொறுக்கி, கோமுகி அணைக்கரையில் ஓடி வளர்ந்தவள். எங்கள் ஊரில் மரமேறத் தெரிந்த பெண்கள் இரண்டே பேர், ஒன்று அவள், இன்னொன்று அவள் கற்றுக்கொடுத்த நான்.

மாமா அடிக்கிறாரா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதினால் போதும். நீங்கள் எழுதியதாக யாரிடமும் சொல்ல மாட்டேன். நான் பொய் நிறையச் சொல்வேன், ஆனால் ரகசியம் காப்பேன்.

வணக்கத்துடன்,
டயானா


கல்வராயன்மலை
ஏப்ரல் 2

தங்கச்சி டயானாவுக்கு ராதிகா அக்கா எழுதுவது. நலம். உன் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஆம்.

ஒரு வார்த்தை போதும் என்றாய், எனக்குப் போதவில்லை. அவள் போன் கீழே விழவில்லை, பாறையில் வீசி எறிந்தான். விரலும் வழுக்கி விழுந்து உடைந்ததில்லை. கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். உன் லெட்டரை இடுப்பில் செருகி வைத்திருந்திருக்கிறாள், அதைக் கொடுக்கச் சொல்லி. அவள் கொடுக்கவில்லை, அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

இங்கே எல்லோருக்கும் தெரியும். நல்லாப் பாடுறவன், நல்லா உழைக்கிறவன், கோபம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி என்பார்கள். பெரியவர்களிடம் போய்ச் சொன்னேன். "புருஷன் பொண்டாட்டி விஷயம், நீ தபாலைப் பாரும்மா" என்றார்கள். பெண்கள் உதவி எண்ணுக்கு என் போனிலேயே அடித்து அவள் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் பொறுமையாகத்தான் கேட்டார்கள். இவள் அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

என் அறைக்கு வா என்றால் வர மாட்டேன் என்கிறாள். "இங்க வந்து கதவை ஒடைப்பாரு, உன் வேலை பூடும்." அப்படியென்றால் உங்க அம்மா வூட்டுக்குப் போ என்றேன். "போனேன்ல. அப்பா பஸ் ஏத்தி வுட்டுட்டாரு. மறுபடி போனா மறுபடி ஏத்துவாரு. அதுக்கப்புறம் இவரு கையில நான் உயிரோட இருக்க மாட்டேன். அப்பா வந்து கூப்புடட்டும், இந்தச் செருப்போட கெளம்புறேன்."

அவ்வளவுதான் விஷயம். உங்கள் அப்பா வர வேண்டும். எப்படி வரவைப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. என் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ராதிகா


கல்வராயன்மலை
ஏப்ரல் 9

குறும்புக்காரத் தங்கச்சிக்கு ராதிகா அக்காவின் அன்பு. நலம், நலமே. இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

இப்போது போனில் பேசலாம். ஆனாலும் உனக்கு லெட்டர்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்ததை வீட்டில் உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வந்தால் ஏடாகூடமாகப் பேசுவாய் என்று உன்னை விட்டுவிட்டு வந்தார்களாமே!

நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். முதல் பஸ்ஸிலிருந்து உங்கள் அப்பா இறங்கினார். பின்னால் உங்கள் அம்மா. அதற்கும் பின்னால் தோள்வரை முடியும் தாடியுமாக ஒருவர். எனக்கு முன்னால் நின்ற கிழவி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆயா, நான் செல்போன் கடை" என்றார் அவர். அவள் நம்பவில்லை.

டென்னிஸ் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். "வாங்க மாமா, உள்ள வாங்க, டீ குடிங்க" என்றான்.

"டீ குடிக்க வரலை. எம் பொண்ணை இட்டுக்கினு போவ வந்தேன்."

"இன்னா திடீர்னு? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலை. அன்னிக்கு அவளைக் கேக்காமதான் பஸ் ஏத்தி வுட்டேன். இன்னிக்கு உன்னைக் கேக்காம ஏத்திக்கினு போறேன்."

அவன் கை ஓங்கினான். சந்தோஷ் குறுக்கே வந்து நின்றார். அதற்குள் தெருவே கூடிவிட்டது. கை கீழே இறங்கியது. சாமி என்று பயந்தானா, கூட்டத்துக்குப் பயந்தானா தெரியவில்லை. கூட்டத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். பார்க்க ஆள் இருந்தால் அந்தக் கைக்குத் தெம்பு வருவதில்லை.

உன் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். செருப்பு இடதும் வலதும் மாறியிருந்தது. உங்கள் அப்பா குனிந்து, அதைக் கழற்றி, சரியாக மாட்டிவிட்டார். அவர் அழுததை நான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லாதே.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. வர மாட்டார் என்றல்லவா உன் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மனுஷனை அப்படி எது கிளப்பியது? என்ன மந்திரம் போட்டாய்?

அன்புடன்,
ராதிகா


வடக்கனந்தல்
ஏப்ரல் 21

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள்

எங்கள் வீட்டின் இரண்டாவது அக்காவான ராதிகா அக்காவுக்கு, டயானா பெரிய கும்பிடு போட்டு எழுதுவது. இங்கே நால்வரும் நலம். நால்வர் என்று எழுதுவதற்காகவே இந்த வரியை எழுதினேன்.

மந்திரமெல்லாம் இல்லை, மேக்கப்தான். உங்கள் லெட்டர் வந்த அன்று அதை அப்பாவிடம் காட்டலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பா படித்துவிட்டு, "எல்லா வூட்டுலயும் நடக்குறதுதான்" என்று சொல்லிவிட்டால்? சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்தேன். அக்கா எழுதியது எனக்கு மனப்பாடம். கண்ணுக்குக் கீழே நாவல்பழம், கன்னத்துக்கு இறங்கினது. மேல்கையில் நீளமாக நான்கு விரல், எதிர்ப்பக்கம் ஒன்று, ஓரத்தில் பச்சை. தாவணியால் மூடிக்கொண்டு போய்ச் சோற்றுக்கு உட்கார்ந்தேன். ரசத்துக்குக் கை நீட்டும்போது தாவணி விலகியது. (தானாக விலகவில்லை.)

"இன்னாடி அது?" என்றார் அப்பா.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மூஞ்சைக் காட்டு. எவன்டி? எந்த வூட்டுப் பையன்? பேரைச் சொல்லு, இப்பவே போய்க் கையை ஒடிச்சிட்டு வரேன்!" அப்பா எழுந்த வேகத்தில் தட்டு உருண்டு கதவுவரை போனது. அப்பாவின் தைரியநாதன் என்ற பெயருக்கு முதல் தடவையாக ஒரு அர்த்தத்தைப் பார்த்தேன்.

"ஒரு வாரம் ஆச்சிப்பா. மஞ்சா ஆரம்பிச்சிடுச்சி பாருங்க."

"ஒரு வாரமா? வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி உனுக்கு?"

"சொன்னேன்பா. கல்லறைத் திருநாள் அன்னிக்கே அழுதுக்கினு சொன்னேன். நீங்கதான் அனுசரிச்சிக்கோன்னு பஸ் ஏத்தி வுட்டீங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. நான் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் துணியில் தோய்த்துக் கையைத் துடைத்தேன். நான்கு விரலும் துணியில் வந்துவிட்டன.

"எனுக்குத் துடைச்சா பூடுது. அக்காவுக்குப் போவலைப்பா."

அந்த நேரத்தில் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். விளக்குமாறு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்பா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அம்மாவைப் பார்த்து, "உனுக்குத் தெரியுமா?" என்றார்.

"கை லூசா வெச்சித் தைன்னு எழுதுனாளே, அப்பவே தெரியும்" என்றார் அம்மா. "தெரியலைன்னு நெனச்சிக்கினு தெச்சேன்."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். பஸ் காலையில்தான் என்றோம். கழற்றவில்லை, சட்டையோடவே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். சந்தோஷ் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டது நான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் பார்த்தது.

கள்ளக்குறிச்சியில் எக்ஸ்ரே எடுத்து விரலுக்குக் கட்டுப் போட்டாயிற்று. மகளிர் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தாயிற்று. மாமா, மன்னிக்கவும், டென்னிஸ், ஒருநாள் தெருமுனைவரை வண்டியில் வந்தார். அம்மா வாசலில் நின்றார். அமளியோற்பவம் அன்று முழு பலத்தோடு உற்பவித்தார். வண்டி ரிவர்ஸிலேயே போய்விட்டது. மறுபடி வரலாம். வரட்டும், மிளகாய்த்தூள் இருக்கிறது.

பாஸ்கா நன்றாக நடந்தது. அப்பா பிலாத்து வேஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏனென்று உபதேசியார் கேட்டதற்கு, "கை கழுவுற தண்ணி ஜில்லுனு கீது" என்றாராம். ஏப்ரல் மாதத்தில்! தனசேகரன் அண்ணன்தான் பிலாத்து. அப்பா திரை இழுத்தார்.

காயத்தை யார் போட்டது தெரியுமா? அக்கா சொல்லச் சொல்ல நான் போட்டேன். பச்சை டப்பாவை எடுத்தேன், பிடுங்கி வைத்துவிட்டாள். "சிவப்பு மட்டும் போடுடி. ஆண்டவருக்கு ஒரே ராத்திரிதான்." குங்குமமும் தேங்காயெண்ணெயும்தான் போட்டோம். சந்தோஷ் அண்ணன் மேடையேறியதும் கூட்டத்தில் யாரோ, "ஏய், ஆண்டவர் மறுபடி வெத்தலை போட்டுக்கினாருடா!" என்று கத்தினார்கள். திரைக்குப் பின்னால் அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, பெரிய வெள்ளிக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் சிரித்தாள். அம்மா கிள்ளினார். நிற்கவில்லை.

கீழே கொஞ்சம் இடம் கேட்கிறாள். விடுகிறேன். லீவு கிடைத்ததும் வாருங்கள். உங்களுக்கு ஓசியில் எந்தக் கலர் வேண்டுமானாலும் போட்டுவிடுகிறேன்.

என்றும் குறும்புடன்,
டயானா

ராதிகா, நான்தான். கட்டுப் போட்ட கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் இது வலது கை. அம்மா எனக்கு அரைக்கை ஜாக்கெட் தைத்திருக்கிறார். முதல் நாள் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. இன்றைக்கு அதோடு கடைத்தெருவரை போய்வந்தேன். வெயில் பட்டது. மேல்கையில் பச்சை போய்விட்டது, இப்போது மஞ்சளும் வெளுக்கிறது. இந்தப் பொடிசு தினமும் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள். "இதுக்கு அப்புறம் இன்னா கலர்க்கா?" என்கிறாள். எனக்கே தெரியாது ராதிகா. மஞ்சளுக்கு அப்புறம் ஒரு நாளும் அந்த இடம் சும்மா இருந்ததில்லை. இந்தத் தடவை இருந்து பார்க்கப் போகிறேன்.